காலி நாற்காலியில் ஒரு குரல்: ஆடியோ ஏஆர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரும் இல்லாத நாற்காலியில் ஒரு குரலை உட்கார வைப்பது. சில ஆண்டுகளாக என் வேலை ஏறக்குறைய இதுதான். கேட்டுப் பார்க்க வருகிறவர்களும், தாங்களே செய்து பார்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் இருக்கின்றன; போகப் போகச் சிக்கல் கூடும்.

1. ஆடியோ ஏஆர்னா என்ன? ஹெட்போன்ல பாட்டு கேக்குறதும் அதுவும் ஒண்ணுதானே?

பாட்டு கேட்கும்போது வெளிச் சத்தம் காதில் விழாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். ஏஆர் என்பது நிஜ உலகத்தின் மேல் செயற்கையான ஒன்றைச் சேர்த்துக் காட்டும் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’. ஆடியோ ஏஆரில் வெளிச் சத்தம் வழக்கம்போல விழுந்துகொண்டே இருக்கும். அதன் நடுவில், அங்கே இல்லாத ஒன்றின் ஒலி ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வரும். மேசையின் இடது ஓரத்தில் ஒரு மணியை வைத்தால், நீங்கள் எழுந்து அறையின் மறுகோடிக்குப் போனாலும் மணி அந்த ஓரத்திலேயே அடிக்க வேண்டும்.

விஆர் (நிஜ உலகை மறைத்து முழுச் செயற்கை உலகைத் தரும் ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’) கருவியை மாட்டிக்கொண்டால் கேட்பது எல்லாமே செயற்கை. ஒப்பிட்டுப் பார்க்க அசல் எதுவும் இருக்காது. ஏஆரில் மின்விசிறியின் இரைச்சல், அடுத்தவர் பேச்சு, உங்கள் காலடிச் சத்தம் எல்லாம் கூடவே கேட்கின்றன. நாம் சேர்த்த ஒலியைக் காது அவற்றோடு ஒவ்வொரு நொடியும் ஒத்துப் பார்க்கிறது. ஏஆரின் தனிக் கஷ்டம் இதுதான். கீழே உள்ள பதில்கள் பலவும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

2. ஸ்டீரியோலயே இடது வலது நல்லாப் பிரியுதே. அது போதாதா?

ஸ்டீரியோவை ஹெட்போனில் கேட்கும்போது ஒலி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக் கவனியுங்கள். இரண்டு காதுகளுக்கும் நடுவில், மண்டைக்குள் ஒரு கோடு போட்டதுபோல அந்தக் கோட்டின் மேலேயேதான் அது நகரும். அறைக்குள் எங்கேயும் போய் நிற்காது.

இடது வலது தெரிவதற்கு இரண்டு தடயங்கள் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. வலப்பக்கம் எழும் சத்தம் தலையைச் சுற்றி இடக்காதை அடைய அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லிநொடி கூடுதலாகும். அது முதல் தடயம். தலையின் நிழல் விழுவதால் தொலைவான காதில் கீச்சு ஒலிகள் மங்கிக் கேட்கும். அது இரண்டாவது. தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வேறுபாடு, உயர்ந்த ஒலிகளுக்கு அளவு வேறுபாடு என்று இயற்பியலாளர் லார்டு ரேலி 1907-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். சாதாரண ஸ்டீரியோ கலவையில் பெரும்பாலும் அளவை மட்டும்தான் கூட்டிக் குறைக்கிறார்கள். முன்னே, பின்னே, மேலே, கீழே என்பவற்றுக்கு அதில் இடமே இல்லை.

3. காது ரெண்டுதானே இருக்கு? அப்புறம் மேல கீழ, முன்ன பின்ன எல்லாம் எப்படித் தெரியுது?

காது மடலால் தெரிகிறது. ஒரு சாவிக்கொத்தை யாரையாவது உங்கள் தலைக்கு முன்னால் மேலும் கீழுமாக ஆட்டிக் குலுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடியபடியே இடத்தைக் காட்டிவிடுவீர்கள். பிறகு இரண்டு மடல்களையும் விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு அதையே செய்து பாருங்கள். சத்தம் கேட்கும், உயரம் குழம்பிவிடும்.

மடலின் மேடு பள்ளங்களில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு சேரும்போது சில அதிர்வெண்கள் எழும்பும், சில அமுங்கும். எவை அமுங்குகின்றன என்பது ஒலி வரும் திசைக்குத் திசை மாறும். பெரும்பாலும் 5 கிலோஹெர்ட்சுக்கு மேலேதான் இந்த வேலை நடக்கிறது. தலை, தோள், மடல் எல்லாம் சேர்ந்து ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்று அளந்து வைத்த வடிகட்டிக்குத்தான் எச்ஆர்டிஎஃப் என்று பெயர். பதிவு செய்த ஒரு குரலை அந்தத் திசைக்குரிய எச்ஆர்டிஎஃப் வழியாக அனுப்பினால், அந்தத் திசையிலிருந்து வந்ததுபோல் காது எடுத்துக்கொள்ளும்.

4. அப்போ என் காதையே அளந்தாகணுமா? பொதுவாக் கிடைக்கிறதை வச்சு ஓட்ட முடியாதா?

ஓட்டலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 1994-இல் கீமார் என்ற பொம்மைத் தலையை வைத்து 710 திசைகளில் அளந்து இலவசமாகக் கொடுத்தது. 2001-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் வெளியிட்ட சிபிக் தொகுப்பில் 45 பேருடைய காதுகள், ஆளுக்கு 1250 திசைகள் இருக்கின்றன. இவற்றில் உங்கள் காதுக்கு நெருக்கமான ஒன்றைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இப்போது சில நிறுவனங்கள் போன் கேமராவால் காதைப் படமெடுத்து, அதற்கேற்ற வடிகட்டியைக் கணக்கிட்டுத் தருகின்றன. ஒலி எதிரொலிக்காத அறையில் காதுக்குள் மைக் வைத்து அளப்பதுதான் மிகத் துல்லியமானது. அதற்கான வசதி வெகு சிலருக்கே கிடைக்கும்.

அடுத்தவர் காதால் கேட்கும்போது இடது வலது பெரிதாகக் கெடாது. உயரமும் முன் பின்னும்தான் கெடும். அதே சமயம் மூளை கற்றுக்கொள்ளும். 1998-இல் ஹாஃப்மன், வான் ஆப்ஸ்டல் குழுவினர் சிலரின் காது மடலில் அச்சு பொருத்தி வடிவத்தை மாற்றினார்கள். உயரம் கண்டறியும் திறன் உடனே கெட்டது. அச்சோடு நடமாடிய சில வாரங்களில் திரும்பி வந்தது. அச்சைக் கழற்றியதும் பழைய காதும் அப்படியே வேலை செய்தது! அதனால், நேரமும் பணமும் குறைவாக இருந்தால் எச்ஆர்டிஎஃப்புக்கு முன்பாக 6, 7, 8-ஆம் கேள்விகளில் வருபவற்றைக் கவனியுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

5. நான் குரலை முன்னாடிதான் வச்சேன். கேக்குறவங்க எல்லாரும் "பின்னாடி இருந்து வருது"ங்கறாங்க. ஏன்?

நேர் முன்னே இருக்கும் ஒலிக்கும் நேர் பின்னே இருக்கும் ஒலிக்கும் இரண்டு காதிலும் நேர வேறுபாடு பூஜ்யம்தான். தலை அசையாதவரை பிரித்துக் காட்டுவது மடல் மட்டுமே. அந்த மடல் அடுத்தவருடையது என்றால் குழப்பம் வரத்தான் செய்யும். கண்ணும் ஒரு காரணம். முன்னால் குரல் கேட்கிறது, ஆளைக் காணோம் என்றால், "அப்படியானால் எனக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்" என்று மூளை முடிவு கட்டிவிடும். அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தீர்வு தலையசைவில் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள். ஒலி முன்னால் இருந்தால் இப்போது இடக்காது அதற்கு நெருக்கமாகும். பின்னால் இருந்தால் வலக்காது நெருக்கமாகும். சில டிகிரி திரும்பினாலே விஷயம் தெளிந்துவிடும். உளவியலாளர் ஹான்ஸ் வாலாக் 1940-இல் இதைச் சோதனைகளில் நிறுவினார். எனவே கேட்பவரைச் சிலைபோல உட்கார வைக்காதீர்கள். தலையைத் திருப்பச் செய்யும் ஏதாவது ஒன்றைத் தொடக்கத்திலேயே வையுங்கள். நான் முதலில் பக்கவாட்டில் ஒரு சிறு ஒலியை எழுப்பி, தலை திரும்பிய பிறகே குரலைப் பேச வைப்பேன்.

6. ஹெட் டிராக்கிங் எவ்வளவு வேகமா இருக்கணும்? புளூடூத்ல சமாளிக்க முடியுமா?

தலை திரும்பியதற்கும் ஒலி அதற்கேற்ப மாறியதற்கும் இடையிலான தாமதம் 60 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலோர் கண்டுபிடிப்பதில்லை என்று டக்ளஸ் புரங்கார்ட் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. ஆனால் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் தாமதமில்லாத ஒலி ஒன்று இருந்தால் அந்த எல்லை 30 மில்லிநொடி அளவுக்கு இறங்கிவிடுகிறது. முதல் கேள்வியில் சொன்ன ஒப்பீடு இங்கே எண்ணாகவே தெரிகிறது: ஏஆரில் நமக்குக் கிடைக்கும் சலுகை, விஆரில் கிடைப்பதில் பாதிதான்.

சாதாரண புளூடூத்தில் ஒலி வந்து சேரவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆவது சகஜம். தலையசைவை இயர்பட் அளந்து, போனுக்கு அனுப்பி, போன் கணக்குப் போட்டு, ஒலியைத் திருப்பி அனுப்பினால் தாமதம் இன்னும் கூடும். இயர்பட்டுக்குள்ளேயே கணக்கு நடந்தால் நல்லது. இல்லையென்றால் தலை போகும் வேகத்தை வைத்து அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். சட்டென்று நின்றால் மட்டும் கொஞ்சம் தாண்டிப் போகும். சோதனைக் கட்டத்தில் நான் கம்பி ஹெட்போனில் ஒரு சென்சாரை ஒட்டிக்கொள்கிறேன். எந்தக் குறை தாமதத்தால் வருகிறது, எது வேறு காரணத்தால் வருகிறது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை.

வேகம் சரியானாலும் நகர்வு என்று ஒன்று உண்டு. தலை திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப் சென்சாரின் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, பத்து நிமிடத்தில் நாற்காலியில் இருந்த குரல் கதவருகே போய்விடும். கேமராவோ வேறு ஏதாவது அடையாளமோ கொண்டு அவ்வப்போது திருத்த வேண்டும். கட்டடத்துக்குள் திசைகாட்டியை நம்ப வேண்டாம். சுவருக்குள் இருக்கும் இரும்பு அதைத் திருப்பிவிடும்.

7. எச்ஆர்டிஎஃப் போட்டாச்சு, டிராக்கிங்கும் ஓடுது. ஆனா சத்தம் தலைக்குள்ளயே இருக்கு, வெளிய வரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே இதுதான் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அறை இல்லை.

நீங்கள் இப்போது இருக்கும் அறையில் ஒருவர் பேசினால், அவர் குரல் நேராக ஒரு முறை வருகிறது. பிறகு தரை, மேசை, பக்கச் சுவர், கூரை என்று பட்டுப் பட்டுப் பல முறை வருகிறது. முதலில் வந்ததன் திசையையே காது பிடித்துக்கொள்வதால், அடுத்த சில பத்து மில்லிநொடிக்குள் வரும் பிரதிபலிப்புகள் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் மூளை அவற்றைத் தூக்கியெறிவதில்லை. ஒலி என் தலைக்கு வெளியே, இன்ன தூரத்தில் இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி. எச்ஆர்டிஎஃப் திசையை மட்டும் சொல்லும். அது அளக்கப்பட்டதே எதிரொலி இல்லாத அறையில்தானே? பிரதிபலிப்பே இல்லாத குரல் வரும்போது, இவ்வளவு சுத்தமான ஒலி தலைக்குள்தான் இருக்க முடியும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

குறைந்தது தரை, கூரை, நான்கு சுவர்கள் ஆகியவற்றில் பட்டு வரும் முதல் ஆறு பிரதிபலிப்புகளைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் திசையிலிருந்து, அதனதன் எச்ஆர்டிஎஃப்போடு கொடுங்கள். அதற்குப் பின்னால் ரிவெர்ப் ஒன்றை, அதாவது அறைக்குள் தங்கி மெல்லத் தேயும் எதிரொலியை, சேருங்கள். தலை திரும்பும்போது நேர் ஒலியைப் போலவே பிரதிபலிப்புகளும் அறையில் அதனதன் இடத்திலேயே நிற்க வேண்டும். நேர் ஒலியை மட்டும் அப்படி நிறுத்திவிட்டு ரிவெர்ப்பை இரண்டு காதிலும் ஒட்டி வைப்பது பலர் செய்யும் தவறு. அறையே தலையோடு சேர்ந்து சுற்றுவதுபோல இருக்கும்.

8. ரிவெர்ப்தான் வேணும்னா நல்ல பெரிய ஹால் ரிவெர்ப்பா போட்டுட்டாப் போச்சே?

கேட்க அழகாக இருக்கும்; நம்பும்படி இருக்காது. சிறிய அறையில் உட்கார்ந்திருப்பவர் தன் இருமலும் நாற்காலி நகரும் சத்தமும் அந்தச் சிறிய அறையில் ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நடுவில் ஒரு குரல் மட்டும் பெரிய மண்டபத்தில் ஒலித்தால், அது இந்த இடத்தைச் சேர்ந்ததல்ல என்று உடனே தெரிந்துவிடும். செயற்கை அறையும் கேட்பவர் இருக்கும் அறையும் பொருந்தாவிட்டால் ஒலி வெளியே நிற்கும் உணர்வே குறைகிறது என்று ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள்.

அறையின் குணத்தை ஓரளவு கணக்கிலேயே பிடிக்கலாம். ஹார்வர்டில் வாலஸ் சபீன் 1890-களின் பிற்பகுதியில் ஒரு விரிவுரை அறைக்குள் இருக்கை மெத்தைகளை எடுத்து வந்து பரப்பிப் பரப்பி அளந்து கண்ட வாய்பாடு இன்றும் உதவுகிறது: ஒலி 60 டெசிபல் தேய ஆகும் நேரம், அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கன அளவு 60 கன மீட்டர். உறிஞ்சும் பரப்பு 20 சதுர மீட்டர் என்றால் சுமார் அரை நொடி வரும். திரைச்சீலையும் மெத்தையும் நிறைந்த அறையில் இன்னும் குறையும். வெறும் ஓடு பதித்த அறையில் கூடும்.

கணக்கு வேண்டாம் என்றால், அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பதிவு செய்யுங்கள். அந்தத் தேய்வையும் உங்கள் செயற்கை ரிவெர்ப்பின் தேய்வையும் மாற்றி மாற்றிக் கேட்டு, வித்தியாசம் தெரியாமல் போகும்வரை சரிசெய்யுங்கள். நான் பாதி நாள் செய்வது இதைத்தான். எச்ஆர்டிஎஃப்பை மாற்றியபோது கிடைக்காத முன்னேற்றம் இதில் ஒரு மணி நேரத்தில் கிடைத்திருக்கிறது.

9. தூரமாக் காட்டணும்னா வால்யூமைக் குறைச்சாப் போதுமா?

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது சரி. ஆனால் மெதுவான ஒலி தூரத்தில் இருக்கும் பெரிய ஒலியாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருக்கும் சின்ன ஒலியாகவும் இருக்கலாம். அறைக்குள் நம்மை வழிநடத்துவது விகிதம்: தூரம் போகப் போக நேர் ஒலி குறையும், ரிவெர்ப் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். அதனால் நேர் ஒலியை மட்டும் குறையுங்கள், ரிவெர்ப்பைத் தொடாதீர்கள்.

பேச்சுக்கு இன்னொரு நுட்பம் உண்டு. பதிவு செய்யும்போது எப்படிப் பேசினார் என்பதையும் காது கவனிக்கிறது. காதோரம் கிசுகிசுத்த குரலைப் பத்து மீட்டர் தள்ளி வைத்தால் எந்தக் கணக்கும் அதைக் காப்பாற்றாது. தூரத்தில் வைக்க வேண்டிய வசனத்தை, தூரத்தில் நிற்பவரை உண்மையாகவே கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

10. மைதானத்துல சுவரே இல்லையே, அங்க என்ன ரிவெர்ப் போடறது?

தரை இருக்கிறதே. பேசுபவரின் வாயும் கேட்பவரின் காதும் 1.5 மீட்டர் உயரத்தில், இருவருக்கும் நடுவே 4 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பட்டு வரும் ஒலி 5 மீட்டர் பயணிக்கும். அதாவது நேர் ஒலியைவிட ஏறக்குறைய 3 மில்லிநொடி தாமதமாக, கீழிருந்து வரும். அந்த ஒன்றைச் சேர்த்தாலே ஒலி நிலத்தில் கால் ஊன்றிவிடும்.

11. எந்த இயர்போன் வாங்கினா நல்லது?

வெளிச் சத்தத்தைத் தடுக்காதது. காதை அடைக்காமல் அருகில் நிற்கும் திறந்த வகையும், கண்ணாடிச் சட்டத்தில் ஸ்பீக்கர் உள்ள வகையும் வெளியுலகை இயல்பாகக் கேட்க விடுகின்றன. அடித்தொனி பலவீனமாக இருக்கும், சத்தமான தெருவில் அமுங்கிவிடும். எலும்பு வழி கடத்தும் வகையில் ஒரு பக்கம் கொடுத்த ஒலி மண்டையோட்டின் வழியே மறுகாதுக்கும் போய்விடுவதால், திசைத் தடயங்கள் மங்கிவிடும். வழி சொல்லும் குரலுக்கு அது போதும். நாற்காலிக் குரலுக்குப் போதாது.

காதை அடைத்துவிட்டு, வெளி மைக் வழியாக உலகைக் கேட்க வைக்கும் இயர்பட்டுகளில் ஒரு சிக்கல் கவனிக்க வேண்டியது. மைக் வழியாகச் சற்றுத் தாமதமாக வரும் ஒலியும், இடுக்கில் நேராகக் கசியும் ஒலியும் கலந்து சில அதிர்வெண்களை அழித்துவிடும். 1 மில்லிநொடி தாமதம் இருந்தாலே 500 ஹெர்ட்சில் முதல் பள்ளம் விழும். அசல் உலகமே தகரக் குழாய் வழியாகக் கேட்பதுபோல் ஆகிவிடும். காது அடைபட்டிருப்பதால் தன் குரலே முழங்குவதும் பலருக்குப் பிடிப்பதில்லை. வாங்குமுன் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள்.

12. எந்த மாதிரி சத்தம் வச்சா இடம் தெளிவாத் தெரியும்?

சட்டென்று தொடங்குவதும், தாழ்விலிருந்து உச்சம் வரை எல்லா அதிர்வெண்ணும் கொண்டதும்: சாவிக்கொத்து, காகிதம் கசங்குவது, காலடி, பேச்சின் சகர ஒலிகள். ரீங்காரம், நீண்ட புல்லாங்குழல் சுரம் போன்றவற்றின் இடத்தை அசல் உலகிலேயே கண்டுபிடிப்பது கஷ்டம். எதை எடுத்தாலும் எதிரொலி ஒட்டாத பதிவாக இருக்கட்டும். பதிவில் ஏற்கெனவே ஓர் அறை இருந்தால், 8-ஆம் கேள்வியில் செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும்.

13. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற மாதிரி வைக்க முடியுமா?

முடியும். மூடிய கதவென்றால் உயர்ந்த அதிர்வெண்களைக் குறைத்துவிடுங்கள். திறந்த கதவென்றால் திசையை மாற்றுங்கள். பேசுபவர் சுவருக்குப் பின்னால் இருந்தாலும், ஒலி கதவின் திறப்பிலிருந்துதான் வர வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்பவர் சுவரைப் பார்த்துத் திரும்பினால் அங்கே தவறு இருக்கிறது.

14. தெருவுல ஜிபிஎஸ் வச்சு ஒரு கட்டடத்து வாசல்லயே குரலை வைக்கலாமா?

வாசலில் வைக்க முடியாது. கட்டடத்தின் பக்கமாக வைக்கலாம். திறந்த வானத்தின் கீழ்கூடப் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தவறலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் மோசம். 5 மீட்டர் பக்கவாட்டுப் பிழை, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஒலியை 6 டிகிரிதான் நகர்த்தும். 10 மீட்டர் தள்ளி இருப்பதை ஏறக்குறைய 27 டிகிரி நகர்த்திவிடும். நேர் முன்னால் 1 டிகிரி மாற்றத்தையே பிடிக்கக்கூடிய காதுக்கு அது மிகப் பெரிய பிழை. எனவே ஜிபிஎஸ் மட்டும் இருந்தால் தொலைவான, பெரிய ஒலிகளை வையுங்கள். அருகில் வைக்க வேண்டுமானால் கேமரா மூலம் இடத்தை அறியும் முறை தேவை.

இந்த எல்லைக்குள்ளேயே அருமையான காரியம் செய்ய முடியும். மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் செயலி, பார்வையற்றோருக்குப் போக வேண்டிய இடத்தின் திசையில் ஓர் ஒலிக் கலங்கரை விளக்கத்தை வைத்தது. 2023-இல் அதன் நிரலைத் திறந்து கொடுத்தார்கள். இந்தத் துறையில் நுழைபவர்கள் முதலில் படிக்க வேண்டிய நிரல் அதுதான் என்பது என் எண்ணம்.

15. எந்த மென்பொருள்ல தொடங்கலாம்?

உலாவியிலேயே தொடங்கலாம், உலாவிக்குள்ளேயே இருக்கும் வெப் ஆடியோ என்ற ஒலிக் கருவித்தொகுப்பில் எச்ஆர்டிஎஃப் வசதி கூடவே வருகிறது. பிரதிபலிப்புகளும் வேண்டும் என்றால் ஸ்டீம் ஆடியோ, ரெசனன்ஸ் ஆடியோ இரண்டும் இலவசம்.

16. ஒரு காது மட்டும் கேக்குறவங்களுக்கு இதனால ஏதாவது பயன் உண்டா?

உண்டு; ஆனால் திசையை மட்டும் நம்பி எதையும் செய்யாதீர்கள். தலையை அந்தப் பக்கம் திருப்பும்போது ஒலி தெளிவாவது, நெருங்க நெருங்கத் துடிப்பு வேகமாவது போன்ற குறிப்புகளைச் சேர்த்தால் ஒரே காதிலும் பின்தொடரலாம். இரண்டு பக்க ஒலியையும் ஒரே காதில் சேர்த்துத் தரும் அமைப்பையும் கட்டாயம் வையுங்கள்.

17. நிஜம்னே நம்பிட்டா ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஒருமுறை ஒரு நடைபாதைக் காட்சிக்காக, பின்னால் மிதிவண்டி மணி அடிப்பதுபோல் வைத்தேன். கேட்டுப் பார்த்தவர் சட்டென்று ஒதுங்கிச் சாலைப் பக்கம் ஓரடி வைத்துவிட்டார். நல்ல வேளையாக வண்டி எதுவும் வரவில்லை. அன்றே அந்த ஒலியை எடுத்துவிட்டேன். வாகன ஒலி, ஹாரன், அபாயச் சங்கு, யாரோ அலறுவது ஆகியவற்றை நடமாடும் காட்சிகளில் நான் வைப்பதே இல்லை.

ஒலி அளவிலும் கவனம் தேவை. இரைச்சலான இடத்தில் மேலே எழும்பிக் கேட்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அசல் ஆள் பேசினாலும் அங்கே கேட்காது என்றால், செயற்கைக் குரலும் கேட்காமல் போகட்டும். சத்தம் அடங்கும்வரை அதைக் காத்திருக்க வையுங்கள்.

18. கடைசியா, இது சரியா வந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எனக்கு நல்லாத்தான் கேக்குது, ஆனா அது பழக்கத்தால இருக்குமோன்னு சந்தேகம்.

சந்தேகம் நியாயமானது. 4-ஆம் கேள்வியில் சொன்னபடி மூளை கற்றுக்கொள்வதால், ஒரு மாதம் அதிலேயே உழன்ற உங்கள் காது நம்பகமான நீதிபதி அல்ல. புதியவர்களைக் கூப்பிடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "எங்கே இருக்கிறது, விரலால் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அதே இடத்தில் ஓர் அசல் ஸ்பீக்கரையும் வைத்து, எந்த முறை எது ஒலித்தது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்க விடுங்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாமல் திணறினால் வேலை முடிந்தது.

நான் குறித்துக்கொள்வது இன்னும் ஒன்று உண்டு. அண்மையில் ஒருவர் காலி நாற்காலிக் குரலைக் கேட்டபடி எழுந்தார். அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து இருக்கையின் அடியில் பார்த்தார். பிறகு வலக்காது இயர்பட்டைக் கழற்றி, குரல் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். என் குறிப்பேட்டில் "கழற்றினார்" என்ற பத்தியில் அது ஏழாவது கோடு.